பினாங்கில் போர் நினைவு நாள்: மூத்த வீரர்களை அழைத்து மரியாதை செய்ய முழுமையான வழிகாட்டி

ஜார்ஜ்டவுனில் ஒரு போர் நினைவு நாளில் மூத்த வீரர்களையும் அவர்கள் குடும்பங்களையும் கௌரவிக்க நினைக்கும் சங்கங்கள், ஆலய இளைஞர் பகுதிகள், முன்னாள் மாணவர் அமைப்புகளுக்காக இதை எழுதுகிறேன். பாடாங் கோத்தா லாமா திடலில், அங்குள்ள போர் நினைவுத் தூண் அருகே, நூறு பேர் அளவில் கூடி ஒரு மணி நேரத்துக்குள் முடியும் காலை நிகழ்ச்சிதான் கணக்கு. மண்டபத்தில் நடத்தினாலும் வேலையின் வரிசை இதேதான்.

புதிதாக இறங்குபவர்கள் மேடை, பேனர், பிரமுகர் என்று தொடங்குகிறார்கள். ஆள் தேடும் வேலை கடைசி இரண்டு வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. விழா நடக்கும், ஆனால் யாருக்காக விழாவோ அவர் இருக்க மாட்டார். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். கையில் ஆறு மாதம் இருந்தால் நல்லது. நான்கு மாதத்துக்கும் குறைவு என்றால் பேசாமல் அடுத்த ஆண்டுக்குப் போடுங்கள்.

1. முதலில் வயதுக் கணக்கு

எந்தப் போரில் பணியாற்றியவர்களைத் தேடுகிறீர்கள் என்பதை முடிவு செய்யுமுன் ஒரு தாளில் வயதைக் கூட்டிப் பாருங்கள். 1943இல் பதினெட்டு வயதில் நேதாஜி படையில் (சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தவருக்கு இன்று நூறு தாண்டியிருக்கும். அவர்களில் இன்னும் இருப்பவர்கள் மிகச் சிலர். ஆகவே இரண்டாம் உலகப் போர் என்றால் உங்கள் விருந்தினர்கள் பெரும்பாலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டி நீடித்த அவசரகாலத்தின் கடைசி ஆண்டுகளில் ராணுவத்திலோ போலீசிலோ சேர்ந்தவர்களுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். 1963 முதல் 1966 வரை நடந்த இந்தோனேசிய மோதலில் எல்லைக்குப் போனவர்கள் எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் இருப்பார்கள். 1989 டிசம்பர் 2 ஹாட்யாய் அமைதி உடன்பாட்டோடு முடிந்த இரண்டாவது கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலத்தில் காட்டில் காவல் நின்ற படையினர் இன்னும் நன்றாக நடமாடுகிறார்கள்.

இந்தக் கணக்கைப் போடாதவர்கள் 'ஜப்பான்காரன் காலத்து வீரர்' ஒருவரையாவது பிடித்துவிட வேண்டும் என்று அலைவார்கள். பக்கத்துத் தாமானில் குடியிருக்கும் முன்னாள் சார்ஜன் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

2. ஆள் தேடுவது

இதற்குத்தான் அதிக நேரம் தேவை. குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

ராணுவத்தில் இருந்தவர்களுக்கு முதலில் போக வேண்டிய இடம், ராணுவ வீரர் நல விவகாரங்களைக் கவனிக்கும் ஜாபத்தான் ஹால் ஏஹ்வால் வெட்டரான். அடுத்து முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் வட்டாரக் கிளைகள். பெயர்ப் பட்டியலைக் கேட்காதீர்கள், தர மாட்டார்கள், தரவும் கூடாது. உங்கள் அழைப்பை அவர்கள் மூலமாக உறுப்பினர்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். விருப்பமுள்ளவர் தாமே உங்களை அழைப்பார். போலீசில் பணியாற்றிய தமிழர்கள் பலர் இந்தப் பட்டியல்களில் வரமாட்டார்கள், அவர்களுக்கு ஓய்வுபெற்ற போலீசார் சங்கத்தைத் தனியாக அணுக வேண்டும்.

நேதாஜி படைக்கும், ஜப்பானியர் ஆட்களைப் பிடித்துப் போய்ப் போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கும் எந்த அலுவலகத்திலும் பட்டியல் கிடைக்காது. அங்கே வாய்மொழிதான் வழி. செபெராங் பிறை, நிபோங் திபால் பக்கம் தோட்டம் கலைந்து தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களை, பழைய தோட்டத்துக் கோயிலின் திருவிழா நாளில் போய்ப் பாருங்கள். தோட்டமே இல்லாமல் போனாலும் திருவிழாவுக்கு ஆட்கள் திரும்பி வருவார்கள், வயதானவர்களும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். மக்கள் ஓசையிலோ மலேசிய நண்பனிலோ ஒரு சிறு அறிவிப்பு, மின்னல் எஃப்எம்முக்கு ஒரு கடிதம், இரண்டும் இன்றும் வேலை செய்கின்றன. முகநூல் பதிவைப் பேரன் பார்ப்பான். தாத்தாவிடம் சொல்வானா என்பது வேறு விஷயம்.

பெண்களை மறந்துவிடுகிறார்கள். நேதாஜியின் பெண்கள் பிரிவான ஜான்சிராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் தொடங்கியபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பெண்கள் அதில் ஏராளம். படையின் துணைத் தளபதியாக இருந்த ஜானகி ஆதி நாகப்பன் கோலாலம்பூரில் வளர்ந்தவர். அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் தோட்டத்திலிருந்து போய்த் திரும்பி வந்து, கல்யாணம் ஆகி, அதைப் பற்றிப் பிறகு வாயே திறக்காத பாட்டிகளைக் கேட்டால்தான் தெரியும். 'உங்கள் தாத்தா படையில் இருந்தாரா?' என்று மட்டும் கேட்டால் பாட்டியின் கதை வெளியே வராது. 'வீட்டில் யாராவது' என்று கேளுங்கள்.

3. சரிபார்ப்பது, மனம் நோகாமல்

ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அட்டை போடுங்கள். முழுப்பெயர், தந்தை பெயர், படைப்பிரிவு, பணியாற்றிய இடம், ஆண்டு, எதை வைத்து இதைச் சொல்கிறோம் என்ற ஆறு வரிகள் போதும். கடைசி வரிதான் முக்கியம். படையிலிருந்து விடுவிக்கும்போது தந்த பணிப் புத்தகமா, புகைப்படமா, பதக்கமா, குடும்பத்தார் சொன்னதா என்று எழுதி வையுங்கள்.

பதக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். மலாயாவில் 1941 டிசம்பர் 8 முதல் 1942 பிப்ரவரி 15 வரை பணியாற்றியவர்களுக்குப் பசிபிக் ஸ்டார் கிடைத்தது. ஆனால் பிரிட்டன் வழங்கிய இரண்டாம் உலகப் போர் ஸ்டார் பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. இந்தியா வழங்கியவற்றில் பெயர் இருக்கும். பழைய சாமான் கடையில் வாங்கியதா தாத்தாவுடையதா என்று பெயரில்லாத பதக்கம் சொல்லாது. ஜெனரல் சர்விஸ் மெடலில் 'மலாயா' என்ற பட்டை இருந்தால் அவசரகாலம், 'போர்னியோ' என்றிருந்தால் இந்தோனேசிய மோதல் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இறந்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாதீர்கள். முனுசாமி என்ற ஒரே பெயரை அக்காலத்துக் குமாஸ்தாக்கள் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். தந்தை பெயர், ஊர் இரண்டையும் வைத்துத் தேடினால் பிடிபட வாய்ப்பு அதிகம். தைப்பிங் போர்க் கல்லறையில் அடக்கமானவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அடையாளம் தெரியாதவர்கள். கல்லறை இல்லாதவர்களின் பெயரைச் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் பாருங்கள்.

ஆதாரம் எதுவும் இல்லாத குடும்பத்தை என்ன செய்வது? அழையுங்கள். மேடையில் 'குடும்பத்தார் நினைவுகூரும்' என்று சொல்லி அறிமுகப்படுத்துங்கள். தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னால் அடுத்த ஆண்டு யாராவது கேள்வி கேட்பார்கள், அவமானம் அந்த வீட்டுக்குத்தான் போகும்.

4. பட்டியலைப் பார்த்துத் தேதி

தேதியை முதலில் முடிவு செய்து விட்டுப் பிறகு அதற்கு ஆள் தேடினால் பொருந்தாது. உங்கள் பட்டியலில் யார் அதிகமோ அவர்களுக்குரிய நாளை எடுங்கள்.

பட்டியலில் பொதுமக்களும் பழைய ஜார்ஜ்டவுன் குடும்பங்களும் அதிகம் என்றால் டிசம்பர் 11. 1941இல் அன்றுதான் ஜப்பானிய விமானங்கள் நகரின் மேல் குண்டு போட்டன. டிசம்பர் 19இல் ஜப்பானியப் படை தீவுக்குள் வந்தது. இடையே ஆங்கிலேயர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிட, ஃபோர்ட் கார்ன்வாலிசில் கொடியை இறக்கி, நகரம் பாதுகாப்பின்றி இருக்கிறது என்று அறிவிக்கச் செய்தவர் பத்திரிகை ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. கோட்டை திடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, விருந்தினருக்குக் கை காட்டிச் சொல்லலாம்.

பிரிட்டிஷாரின் கீழிருந்த பழைய இந்திய ராணுவத்தார் குடும்பங்கள் என்றால் கம்பார் போர், 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை. பதினோராவது இந்திய டிவிஷன் நின்று எதிர்த்த இடம் அது. நேதாஜி படையினர் என்றால் அக்டோபர் 21. சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு 1943இல் சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்ட நாள். மரண ரயில் குடும்பங்களுக்கு அக்டோபர் 17. 415 கிலோமீட்டர் பாதையின் இரு முனைகளும் அந்த நாளில்தான் 1943இல் ஒன்றாகச் சேர்ந்தன. மலேசிய ராணுவத்தார் அதிகம் என்றால் ஜூலை 31, நாட்டின் வீரர் நாள். ஆனால் அன்று அரசு விழாவுக்கே அவர்களில் பலர் போய்விடுவார்கள், ஒரு வாரம் தள்ளி வையுங்கள்.

நாள் வேலை நாளில் விழுந்தால் அதற்கடுத்த ஞாயிறு. நவம்பர் இரண்டாம் ஞாயிறை விட்டுவிடுங்கள், காமன்வெல்த் நாடுகளின் நினைவு ஞாயிறு அது, வேறு அமைப்புகள் அதே நினைவுத் தூணுக்கு வரும். செப்டம்பரும் அக்டோபரும் தீவில் மழை மாதங்கள். அக்டோபர் தேதி என்றால் மண்டபத்தையே முதல் திட்டமாக வையுங்கள்.

5. இடமும் அனுமதியும்

மூன்று கடிதங்கள் வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள்.

முதல் கடிதம் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கு, திடலையும் நினைவுத் தூண் பகுதியையும் பயன்படுத்த. தூண், நடைபாதை, வண்டி நிறுத்துமிடம், ஒலிபெருக்கி என்று நான்கையும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். 'திடல்' என்று மட்டும் எழுதினால் திடலுக்கு மட்டும்தான் அனுமதி வரும்.

மன்றத்தின் பதில் கையில் வந்த பிறகு இரண்டாவது கடிதம், தீமோர் லாவுட் மாவட்டப் போலீஸ் தலைமையகத்துக்கு. 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டம், 2019 திருத்தத்துக்குப் பிறகு, 5 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. நீங்கள் ஒரு மாதம் முன்பே கொடுங்கள். இட உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் கேட்கக்கூடும் என்பதால்தான் இந்த வரிசை.

மூன்றாவது, முதலுதவிப் படைக்கு.

கொடி விஷயத்தில் கவனம். தேசியக் கொடியும் மாநிலக் கொடியும் போதும். வெளிநாட்டுக் கொடிகளைப் பொது இடத்தில் காட்டுவதை 1949ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. நேதாஜி படைக் குடும்பம் ஒன்று பழைய கொடியையோ, தூதரக விருந்தினர் தங்கள் கொடியையோ கொண்டுவர விரும்பினால் போலீசிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கையில் கொடியோடு வாசலில் நிற்கும் முதியவரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது.

6. ஒரே திடலில் எதிரெதிர் அணிகள்

நம் ஊரில் இது தவிர்க்க முடியாதது. 1942இல் ஜப்பானியரை எதிர்த்து நின்ற இந்திய ராணுவத்தார் குடும்பமும், அடுத்த ஆண்டு நேதாஜி படையில் சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்த்தவர் குடும்பமும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்கள். சில வீடுகளில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். துப்பாக்கியே தொடாமல் சயாமுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவரின் பேத்தி மூன்றாவது நாற்காலியில்.

அறிவிப்பாளரின் உரையை எழுத்தில் வாங்கி, வரிக்கு வரி படியுங்கள். 'துரோகி', 'கூலிப்படை', 'எதிரி' போன்ற சொற்கள் இருந்தால் அடித்துவிடுங்கள். பெயர், படை, இடம், ஆண்டு, அவ்வளவே போதும். யார் செய்தது சரி என்று தீர்ப்புச் சொல்ல அந்த ஒரு மணி நேரம் போதாது. சீனச் சமூகத்திலிருந்து விருந்தினர் வந்தால், ஜப்பானியரை எதிர்த்த மக்கள் படையின் நினைவும் அவர்களோடு வரும். அவசரகாலத்தில் அதே படையின் முன்னாள் ஆட்களோடு சண்டையிட்ட நம் போலீஸ்காரரும் எதிரே இருப்பார். அவரிடம் முன்பே வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார். மேடையில் திடீரென்று கேட்க நேர்ந்தால்தான் எழுந்து போவார்.

மரண ரயிலில் இறந்தோர் விஷயம் வேறு. நேச நாட்டுப் போர்க்கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள், அவர்களுக்குக் கல்லறை இருக்கிறது, பெயர் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்ததாகப் பரவலாகச் சொல்கிறார்கள், அவர்களுக்குப் பெயர்ப் பட்டியலே இல்லை. பெயர் வாசிக்கும் நேரத்தில் அவர்களை 'மற்றும் பலர்' என்று கடந்துபோகாதீர்கள். குடும்பங்கள் சொன்ன தோட்டத்தின் பெயரை வாசியுங்கள். ஆள் பெயர் மறந்த பேரனுக்கும் தோட்டத்தின் பெயர் நினைவிருக்கும், தன் தோட்டம் காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

7. திடலைத் தயார் செய்தல்

முந்தின மாலையே போய்த் தரையைக் காலால் அழுத்திப் பாருங்கள். இரவு மழை பெய்தால் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் புல்லுக்குள் இறங்கும். எடை கூடிய ஒருவர் உட்கார்ந்ததும் பின்னங்கால் இரண்டும் புதைந்து நாற்காலி மெல்லச் சாயும். வயதானவர் அதிலிருந்து தானாக எழ முடியாது. நாற்காலி வரிசைக்குக் கீழே பலகை போடுங்கள், அல்லது வரிசையையே சிமெண்டுத் தளத்துக்கு மாற்றுங்கள். சக்கர நாற்காலிக்குப் புல் வேண்டவே வேண்டாம்.

குத்துவிளக்கு கடற்காற்றில் நிற்காது. ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஏற்ற முயல்வார்கள், தீக்குச்சிப் பெட்டி காலியாகும், பிரமுகர் சிரித்தபடி நிற்பார், கூட்டம் கடலைப் பார்க்கும். விளக்கு வேண்டுமானால் பிறகு மண்டபத்தில் ஏற்றலாம்.

ஒலிவாங்கிக்குப் பஞ்சு உறை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காற்றின் இரைச்சல்தான் கேட்கும். முதியவர்களுக்கான வரிசை முன்னால், கூடாரத்துக்குள், கழிப்பறைக்குப் போகும் பாதையின் ஓரத்தில் இருக்க வேண்டும். பிரமுகர்கள் இரண்டாம் வரிசை. இதைக் கேட்டதும் செயற்குழுவில் முணுமுணுப்பு எழும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

8. அன்று காலை

டிசம்பரில் சூரியன் எழவே ஏழு மணி தாண்டும், ஒன்பதரைக்கெல்லாம் வெயில் சுடும். ஆகவே எட்டுக்குத் தொடங்கி எட்டேமுக்காலுக்கு முடியுங்கள்.

ஏழேகாலுக்கு வண்டிகள் வந்துவிட வேண்டும். பெருநிலத்திலிருந்து வருபவர்களைப் பெர்ரியில் வரச் சொல்லாதீர்கள், ஏறி இறங்கி நடக்க வேண்டியிருக்கும், பாலம் வழியாக வேனில் அழைத்து வாருங்கள். ஒவ்வொரு முதியவருக்கும் ஓர் இளைஞர் பொறுப்பு. அவர் கையில் தண்ணீர், மருந்து நேரம், வீட்டாரின் எண். வந்தவுடன் கொஞ்சம் இட்லியோ ரொட்டியோ கொடுங்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருப்பதுதான் இந்த நிகழ்ச்சிகளில் மயக்கம் வருவதற்கு முக்கியக் காரணம்.

எட்டுக்குத் தேசிய கீதம், மாநில கீதம். பிறகு இரண்டு நிமிட அறிமுகம். அப்புறம் பெயர் வாசிப்பு, அதுதான் நிகழ்ச்சியின் நடு. தமிழ் நன்றாக வாசிப்பவரிடம் கொடுங்கள், ஒவ்வொரு பெயரையும் குடும்பத்தாரிடம் உச்சரிக்கக் கேட்டுத் தமிழில் எழுதி வையுங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசித்தால் பழனியாண்டி வேறு யாரோ ஆகிவிடுவார்.

வாசித்து முடிந்ததும் லாஸ்ட் போஸ்ட் என்ற எக்காள இசை, இரண்டு நிமிட மௌனம், மௌனத்தை முடிக்கும் ரவூஸ் இசை. பள்ளி பேண்டிலோ போலீஸ் பேண்டிலோ எக்காளம் ஊதத் தெரிந்தவர் கிடைத்தால் மிகச் சிறப்பு. பதிவு செய்த ஒலியைக் கைப்பேசியில் ஓடவிடுவதானால் அதை விமான நிலைக்கு மாற்றுங்கள், மௌனத்தின் நடுவே வாட்ஸ்அப் மணி அடிக்கக் கூடாது. மௌனத்துக்குக் கடிகாரம் பிடிக்க ஒருவரை வையுங்கள். அறிவிப்பாளரின் விருப்பத்துக்கு விட்டால் நாற்பது நொடியில் முடித்துவிடுவார், பதற்றத்தில் அவ்வளவு நேரமே அவருக்கு யுகமாகத் தெரியும்.

மலர் வளையம் வைப்பது அதற்குப் பின். முஸ்லிம் வீரர்களில் சிலருக்கு நினைவுச் சின்னத்தின் முன் மலர் வைப்பதில் உடன்பாடு இருக்காது. அரசு விழாவே தேசிய நினைவுச் சின்னமான துகு நெகாராவை விட்டு வேறு இடத்துக்குப் போனது இதனால்தான். யாரையும் பெயர் சொல்லி மலர் வைக்க அழைக்காதீர்கள். 'விரும்புவோர் வரலாம்' என்று சொல்லி, துஆ எனும் முஸ்லிம் பிரார்த்தனைக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

உரைகள் இரண்டு, தலா மூன்று நிமிடம். சட்டமன்ற உறுப்பினர் தாமதமாக வந்தால் காத்திருக்காதீர்கள், வந்ததும் பேசவைக்கலாம்.

9. மரியாதை செய்யும் முறை

உயிரோடு இருப்பவருக்கு மாலையை விடப் பொன்னாடை நல்லது. கனமான சாமந்தி மாலை தொண்ணூறு வயதுக் கழுத்தை இழுக்கும், நீர்த்துளி சட்டையை நனைக்கும். மெல்லிய பருத்திப் பொன்னாடையை அவர் உட்கார்ந்திருக்கும்போதே போர்த்துங்கள், எழச் சொல்லாதீர்கள். இடது மார்பில் பதக்கம் அணிந்திருந்தால் அதை மறைக்காமல் தோளோடு நிறுத்துங்கள், அந்தப் பதக்கம் தெரியத்தான் அவர் வந்திருக்கிறார். தாத்தாவின் பதக்கத்தைப் பேரன் அணிந்தால் வலது மார்பில்.

மேடைக்கு அவரை வரவழைக்காமல், கௌரவிப்பவர் அவரிடம் போகட்டும். 'ஐயா', 'அம்மா' போதும். பதவி சொல்வதாக இருந்தால் ஓய்வு பெற்றபோது இருந்த பதவியைச் சரியாகச் சொல்லுங்கள், கார்ப்பரலை சார்ஜனாக்கினால் அவர் மகிழ மாட்டார், சக வீரர்கள் முன் கூசிப் போவார்.

பேசச் சொல்லி ஒலிவாங்கியை நீட்டாதீர்கள். பேச விரும்புகிறவரை முந்தின வாரமே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

10. முடிந்த பிறகு

அன்று மாலையே ஒவ்வொருவரும் வீடு சேர்ந்துவிட்டாரா என்று அழைத்துக் கேளுங்கள். ஒரு வாரத்துக்குள் அச்சடித்த படம் ஒன்றைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். இணைப்பு அனுப்பினால் பேரப்பிள்ளையோடு நின்றுவிடும். பெயரும் முகமும் வெளியிடுமுன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

படம் கொடுக்கப் போகும்போது ஒரு ஒலிப்பதிவுக் கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். விழா முடிந்த வாரத்தில் அவர்கள் நிறையப் பேசுவார்கள், கூட்டத்தில் சொல்லாததெல்லாம் வரும். அட்டையில் விட்டுப்போன வரிகளை அப்போதே நிரப்பி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்ய ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அடுத்த ஆண்டு அழைப்பிதழ், இறந்துபோனவர் பெயருக்குப் போய் நிற்கக் கூடாது.